65535 என்று போட்டுவிடலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ரைசன் 7600 புரொசெசர், டிடிஆர்5-6000 வேகத்தில் இரண்டு 16 ஜிபி ரேம். பகலில் திருமண வீடியோ வெட்டித் தொகுப்பது தொழில், இரவில் கொஞ்சம் விளையாட்டு. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸில், ரேமைப் புதுப்பிக்கும் இடைவெளியைக் குறிக்கும் ‘டி-ரெஃபி’ என்ற இடத்தில் 65535 போட்டால் காசு செலவில்லாமல் வேகம் கூடும் என்று யாரோ சொல்ல, போட்டிருக்கிறார். இரவு இரண்டு மணி நேரம் சோதனை ஓட்டியிருக்கிறார், பிழை இல்லை. இரண்டு வாரமாக அப்படியே வேலை செய்கிறார். அறை மேல்மாடியில், ஏசி கிடையாது. “இப்படியே விடலாமா, அண்ணா?” என்பது கேள்வி. ‘டி-ஆர்எஃப்சி’யைக் குறைக்கலாமா என்றும், ‘இரட்டை ரிஃப்ரெஷ்’ என்றொரு தெரிவு இருக்கிறதே, அதை என்ன செய்வது என்றும் கூடவே கேட்டிருக்கிறார்.

விட வேண்டாம். 23400இற்கு இறக்குங்கள், அதையும் மதிய வெயிலில் ஒரு முறை சோதித்துவிட்டு வையுங்கள். ஏன் அந்த எண், ஏன் மதியம் என்பதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்லப்போகிறேன்.

ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கொள்ளளவியும் சேர்ந்த சின்னஞ்சிறு கலத்தில் இருக்கிறது. ஐபிஎம்மில் வேலை செய்த ராபர்ட் டென்னார்ட் 1966இல் யோசித்து, 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அடிப்படை இன்றும் மாறவில்லை. அந்தக் கொள்ளளவி ஒழுகும். விட்டால் 1 என்று எழுதியது மெல்ல மெல்லக் கரைந்து 0 ஆகிவிடும். ஆகவே கரைவதற்குள் வாசித்து மறுபடி எழுத வேண்டும். அதுதான் ரிஃப்ரெஷ்.

விளக்கீட்டன்று மதிலிலும் வாசலிலும் வரிசை வரிசையாகச் சிட்டி விளக்கு வைப்போமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ச் செம்போடு ஒருவர் சுற்றி வருகிறார். எந்த விளக்கும் அணைவதற்கு முன் அதற்கு எண்ணெய் விட்டாக வேண்டும். ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு எவ்வளவு நேரம் விட்டுப் போகிறார் என்பது டி-ரெஃபி. ஒரு வரிசைக்கு எண்ணெய் விட்டு முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்பது டி-ஆர்எஃப்சி. அவர் குனிந்து எண்ணெய் விடும்போது வாசலை மறித்துக்கொண்டு நிற்பார், உள்ளே போகிறவர்கள் காத்து நிற்க வேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் நீங்கள் குறைக்க விரும்பும் தாமதம்.

இப்போது கணக்கு. டிடிஆர்4 ரேமில் எல்லா வரிசைகளையும் 64 மில்லி செக்கனுக்குள் ஒரு சுற்றுப் புதுப்பிக்க வேண்டும் என்பது, ரேம் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதி. அந்தச் சுற்றை 8192 கட்டளைகளாகப் பிரித்தால் ஒரு கட்டளைக்கும் அடுத்ததற்கும் இடையே 7.8 மைக்ரோ செக்கன். டிடிஆர்5இல் ஒரு சுற்றுக்கு 32 மில்லி செக்கன்தான், ஆகவே இடைவெளி 3.9 மைக்ரோ செக்கன். இது சில்லின் வெப்பம் 85 பாகை வரைக்கும். அதைத் தாண்டினால் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும்.

பயோஸில் இது நேரமாக வராது, கடிகாரத் துடிப்பின் எண்ணிக்கையாக வரும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தகவல் அனுப்பும்; அதனால் 6000 என்று சொல்லும் உங்கள் ரேமின் உண்மையான கடிகாரம் 3000 மெகாஹெர்ட்ஸ், ஆகவே 3.9 மைக்ரோ செக்கன் என்றால் 11700. யாரோ ஒருவர் 8000 வேக ரேமில் 65535 போட்டிருந்தால் அது 16.4 மைக்ரோ செக்கன். அதே 65535 உங்களிடம் 21.8 மைக்ரோ செக்கன். டிடிஆர்4-3200இல் 41 மைக்ரோ செக்கனுக்குக் கொஞ்சம் குறைவு. எண் ஒன்று, அர்த்தம் மூன்று. அடுத்தவர் எண்ணை அப்படியே எடுத்துப் போடுவது அடுத்தவர் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போடுவதுபோல.

65535இல் ஒரு மந்திரமும் இல்லை. 16 பிட் இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அது, அவ்வளவுதான். உங்கள் ரேமுக்குப் பொருத்தம் பார்த்து யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

உங்களிடம் இருப்பது 16 கிகாபிட் சில்லுகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு புதுப்பித்தலுக்கு ஜெடெக் ஒதுக்கும் நேரம் 295 நானோ செக்கன், அதாவது 885 துடிப்பு. 11700 துடிப்புக்கு ஒரு முறை 885 துடிப்பு வாசல் மறிக்கப்படுகிறது: 7.6 சதவீதம். டி-ரெஃபியை இரட்டிப்பாக்கி 23400 போட்டால் 3.8 சதவீதம். மூன்று மடங்காக்கி 35100 போட்டால் 2.5 சதவீதம். 65535 போட்டால் 1.35 சதவீதம்.

இந்த நான்கு எண்களையும் நிதானமாகப் பாருங்கள். முதல் இரட்டிப்பே மொத்த இழப்பில் பாதியை மீட்டுத் தந்துவிடுகிறது. அதற்குப் பிறகு 23400இலிருந்து 65535 வரை, ஏறத்தாழ மூன்று மடங்கு நீட்டி, நீங்கள் பெறுவது இன்னொரு 2.4 சதவீதம். இலாபம் முதலில் கொட்டி, பிறகு சொட்டுகிறது. ஆபத்து இதற்கு நேர்மாறு: முதலில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, பிறகு மளமளவென்று ஏறும்.

அந்தச் சதவீதங்கள்கூட உச்சவரம்புதான். டிடிஆர்5 ரேமில் ‘வங்கி’ எனப்படும் கலத் தொகுதிகள் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தாமல் பகுதி பகுதியாகப் புதுப்பிக்கும் வசதி இருக்கிறது. ரேமை இயக்கும் கட்டுப்படுத்தி அதைப் பயன்படுத்தினால் இழப்பு ஆரம்பத்திலேயே குறைவு. தவிர, புரொசெசர் கேட்பதில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான கேஷிலேயே கிடைத்துவிடும், ரேம் வாசலுக்கு வருவதே இல்லை. வீடியோ எக்ஸ்போர்ட்டில் நீங்கள் வித்தியாசத்தை உணரவே மாட்டீர்கள். சில விளையாட்டுகளில் திடீர்த் தடுமாற்றங்கள் கொஞ்சம் குறையும். அது உண்மையான பலன், மறுக்கவில்லை.

இந்த ஆசை இன்று நேற்று வந்ததும் அல்ல. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் 8253 என்ற நேரங்காட்டிச் சில்லின் ஒரு பகுதி, 15 மைக்ரோ செக்கனுக்கு ஒரு தடவை ரேமைப் புதுப்பிக்கச் சொல்லித் தட்டிக்கொண்டே இருக்கும். 4.77 மெகாஹெர்ட்ஸ் இயந்திரத்தில் அதற்காகப் போன நேரம் ஐந்தரை சதவீதம். அந்த நேரங்காட்டியில் 18 என்று இருந்த எண்ணைக் கூட்டிவிட்டு, இயந்திரம் வேகமாகிவிட்டது என்று அன்றைக்கே ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள். இழப்பின் அளவு இத்தனை வருடத்தில் பெரிதாக மாறாமலிருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

சரி, 65535 போட்டும் உங்கள் கணினி ஏன் படுத்துவிடவில்லை? உங்கள் எண்ணின்படி ஒரு முழுச் சுற்றுக்கு 179 மில்லி செக்கன் ஆகிறது, விதித்ததைப்போல ஐந்தரை மடங்கு. ஆனால் பெரும்பாலான கலங்கள் அதைவிட எவ்வளவோ நேரம் தாங்கும். 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மின்சாரத்தை நிறுத்திய பின்பும் ரேமில் தகவல் சில செக்கன்கள் தங்குவதையும், குளிர வைத்தால் இன்னும் நெடுநேரம் தங்குவதையும் காட்டி, மறைகுறியாக்கச் சாவிகளை எடுத்துக் காட்டினார்கள். ஆகவே 32 மில்லி செக்கன் என்பது சாதாரணக் கலத்துக்காக வைத்த எல்லை அல்ல. கோடிக்கணக்கான கலங்களில் ஆக நோஞ்சானான சில கலங்களுக்காக, அதுவும் ஆக மோசமான வெப்பத்தில், வைத்த எல்லை. ஆயிரம் சிட்டிகளில் வெடிப்பு விழுந்த ஒன்றிரண்டுக்காகத்தான் எண்ணெய்க்காரர் அவ்வளவு அடிக்கடி சுற்றுகிறார்.

அந்த நோஞ்சான் கலங்களுக்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, சூட்டில் வேகமாக ஒழுகும். பத்துப் பாகை கூடினால் தாங்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. இரண்டாவது இன்னும் பொல்லாதது. சில கலங்கள் ஒரே வெப்பத்திலேயே இன்றைக்கு ஒரு மாதிரியும் நாளைக்கு வேறு மாதிரியும் தாங்கும். சிலிக்கனில் உள்ள ஒரு குறை மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கிறதா, விட்டுவிட்டதா என்பதைப் பொறுத்து ஒழுக்கு மாறும். பக்கத்துக் கலங்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் பாதிக்கும். அதனால்தான் “இரண்டு மணி நேரம் ஓட்டினேன், பிழை இல்லை” என்பதை நான் முழுச் சாட்சியாக எடுப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஹட்டனில் படக்கடை வைத்திருந்தார். இன்டெல் மதர்போர்டில் டிடிஆர்4-3200, அதில் இதே 65535. மலைநாட்டுக் குளிரில் இரவிரவாகச் சோதனை ஓட்டி, பிழையே இல்லை என்று பெருமையாகச் சொல்வார். பிறகு ஒரு பங்குனியில் தொழிலைத் தெஹிவளைக்கு மாற்றினார். மேல்மாடி, கூரைத் தகடு, மேசைக்குக் கீழே கணினி.

இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண ஆல்பத்தோடு வந்தார். அறுநூறு படங்களில் ஒன்றே ஒன்று. தாலி கட்டும் படம். மணமகளின் நெற்றி வரை சுத்தமாக இருக்கிறது. அதற்குக் கீழே முழுப் படமும் பச்சை பூசினாற்போல நிறம் மாறி, கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தும் நிற்கிறது. கமெரா பழுது என்று நினைத்து அவர் ஏற்கெனவே ஒருவரோடு சண்டை பிடித்திருந்தார். நல்லவேளை, கமெரா அட்டையில் மூலப் படம் அழியாமல் இருந்தது. இரண்டு கோப்புகளையும் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிட்டேன். கிட்டத்தட்ட ஒன்பது எம்பி கோப்பில் வித்தியாசம் ஒரே ஓரிடத்தில்தான்: 92 இருக்க வேண்டிய பைட்டில் 76 இருந்தது. குறைந்தது 16, அதாவது ஒரே ஒரு பிட். 1 ஆக இருந்தது 0 ஆகிவிட்டது.

ஒரு பிட்டுக்கு ஏன் அவ்வளவு சேதம் என்றால், ஜேபெக் படத்தில் ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் முந்திய கட்டத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்றே எழுதப்படுகிறது. நடுவில் ஒன்று பிசகினால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் பிசகும். அட்டையிலிருந்து வட்டுக்குப் பிரதி எடுக்கும்போது அந்தப் படம் சில செக்கன்கள் ரேமில் இருந்திருக்கிறது. அதற்குள் கலம் கரைந்துவிட்டது. விண்டோஸ் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அதற்கு வழியே இல்லை.

இரவில் சோதித்தேன், பிழை இல்லை. மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்து ஓட விட்டுச் சோதித்தபோது மூன்றாம் சுற்றில் நான்கு பிழைகள், நான்கும் ஒரே முகவரியில். ஹட்டனில் இரவுச் சோதனையின்போது ரேமின் வெப்பம் 38 பாகை என்று அவர் குறித்து வைத்திருந்தார். தெஹிவளையில் அந்த நேரம் 63. வித்தியாசம் 25 பாகை. பத்துப் பாகைக்குப் பாதி என்ற கணக்கில் தாங்கும் நேரம் ஐந்தரை மடங்கு குறையும். அவர் இடைவெளியை நீட்டியிருந்ததும் விதித்ததைவிட ஐந்தேகால் மடங்கு. ஹட்டனின் குளிர் கொடுத்த கடனைத் தெஹிவளையின் சூடு வட்டியோடு திருப்பிக் கேட்டுவிட்டது.

டி-ரெஃபியில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான். மற்ற நேர அளவுகளைத் தவறாகப் போட்டால் கணினி எழும்பாது, அல்லது நீலத்திரை வரும். எதிரி முகத்தைக் காட்டுவான். இது சத்தமில்லாமல் ஒரு படத்தில் ஒரு பிட்டைத் தின்றுவிட்டுப் போய்விடும். டிடிஆர்5இல் சில்லுக்குள்ளேயே பிழை திருத்தும் வசதி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. 128 பிட்டுக்கு 8 சரிபார்ப்புப் பிட் வைத்து ஒற்றைப் பிட் பிழையைத் திருத்தும். ஆனால் திருத்தியதைப் புரொசெசருக்குச் சொல்லாது. ஆகவே எத்தனை கலங்கள் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியாது. ஒரே தொகுதியில் இரண்டாவது கலமும் விழும்போதுதான் தெரியும். சேர்வர்களில் வரும் முழு ஈசிசி ரேம் வேறு வகை, பிழைகளை எண்ணிப் பதிவு செய்யும்.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் எதையும் தொடுவதற்கு முன், மதர்போர்டில் பயோஸ் அமைப்பை அழிக்கும் இரண்டு ஊசிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வையுங்கள். இரவு பதினொரு மணிக்குக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு கையேடு தேடுவது சுகமான வேலை அல்ல. ரேமையும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரை கடற்கரைப் பக்க வீடுகளிலிருந்து ‘ரேம் பழுது’ என்று என்னிடம் வருவதில் நிறைய, தங்கப் பூச்சுத் தொடுமுனையில் உப்புக்காற்றுப் படிந்த அழுக்குத்தான். ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டுப் போட்டால் பாதிப் பேருக்கு வேறு வைத்தியமே தேவைப்படாது.

பிறகு டி-ஆர்எஃப்சி. இதை நான் முதலில் தொடச் சொல்வேன், ஏனென்றால் இது பொதுவாக வெளிப்படையாகத் தோற்கும். உங்கள் சில்லு எஸ்.கே. ஹைனிக்ஸ் என்றால் 160 நானோ செக்கன், அதாவது 480 துடிப்பு, பெரும்பாலும் ஓடும். சாம்சங், மைக்ரோன் சில்லுகள் இவ்வளவு இறங்கிக் கொடுக்காது, ஆகவே 885இலிருந்து ஐம்பது ஐம்பதாகக் குறைத்து வாருங்கள். 480 ஓடிவிட்டால் டி-ரெஃபி 11700இலேயே இழப்பு 4.1 சதவீதமாகிவிடும். அதோடு 23400 சேர்த்தால் 2.05. நீங்கள் 65535 போட்டுப் பெற்றது 1.35. இந்த 0.7 சதவீதத்துக்காகவா நோஞ்சான் கலங்களோடு சூதாடுவது?

23400இல் ஒரு சுற்றுக்கு 64 மில்லி செக்கன். ரேம் 60 பாகைக்குள் இருந்தால், 85 பாகைக்கு வைத்த எல்லையோடு பார்க்கும்போது கணக்குப்படி இதற்கு இன்னும் கையிருப்பு மிஞ்சுகிறது. வெறும் விளையாட்டுக் கணினி என்றால், ரேமுக்கு நேராக ஒரு 120 மில்லிமீற்றர் மின்விசிறி வைத்து 35100 வரை போகச் சொல்லியிருப்பேன். அடுத்தவர் கல்யாணத்தைச் சேமித்து வைத்திருக்கும் கணினிக்குச் சொல்ல மாட்டேன். மனம் கேட்கவில்லையென்றால் பயோஸில் இரண்டு புரொஃபைல் சேமித்து, வேலைக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என்று வைக்கலாம். மாற்றி மாற்றிப் போட ஒருவரும் மினக்கெடுவதில்லை என்பது என் அனுபவம்.

சோதனையில் ஓர் ஒழுங்கு முக்கியம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை யூஎஸ்பியிலிருந்து முதலில் ஓட்டுங்கள். பழுதான ரேமோடு விண்டோஸைத் திறந்தால் விண்டோஸே கெட்டுப்போகலாம். அதில் தப்பினால் விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 என்ற இன்னொரு சோதனை மென்பொருள். அதையும் மதியம் ஒன்றரைக்கும் மூன்றரைக்கும் இடையில், ஜன்னலைச் சாத்தி, கணினியின் மூடியை மூடி, பக்கத்தில் ஒரு விளையாட்டையோ கிராஃபிக்ஸ் சோதனையையோ ஓட விட்டுச் செய்யுங்கள். கிராஃபிக்ஸ் கார்ட் கக்கும் சூடு நேரே ரேமில்தான் போய் அடிக்கும். டிடிஆர்5 ரேமிலேயே மின்னழுத்தத்தைச் சீராக்கும் சில்லும் உட்கார்ந்திருக்கிறது, அதன் சூடும் சேரும். ரேமின் வெப்ப உணரி காட்டும் உச்ச எண்ணைக் குறித்து வையுங்கள். மார்கழியில் சோதித்தது சித்திரைக்குச் செல்லாது, சித்திரையில் இன்னொரு தடவை பாருங்கள்.

இரட்டை ரிஃப்ரெஷ் தெரிவு இதற்கு நேரெதிர்த் திசை. இடைவெளியைப் பாதியாக்கும். ஒன்று அதிக வெப்பத்துக்காக; மற்றது, ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடிப் பக்கத்து வரிசையின் பிட்டைக் கவிழ்க்கும் ‘ரோஹாமர்’ தாக்குதலுக்காக. 2014இல் யூங்கு கிம், ஒனூர் முட்லு முதலானோரின் ஆய்வில் அது வெளிவந்தபின், 2015இல் அப்பிள் தன் மக் கணினிகளுக்கு ரிஃப்ரெஷ் வேகத்தைக் கூட்டும் திருத்தத்தை அனுப்பியது. முழுத் தீர்வு அல்ல, ஆனாலும் உதவும். டி-ரெஃபியை நீட்டும்போது நீங்கள் அந்தப் பாதுகாப்பையும் சேர்த்துத்தான் தளர்த்துகிறீர்கள். உங்கள் பயோஸில் அதை ஆட்டோவில் விடுங்கள். மடிக்கணினி வைத்திருக்கும் நண்பர்கள் கேட்டால் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள், அதில் எல்பிடிடிஆர் என்ற குறைந்த மின்சார ரேம் இருந்தால், அதன் ரிஃப்ரெஷ் வேகம் வெப்பத்துக்கு ஏற்பத் தானாகவே மாறும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்த இரண்டு வாரமும் 65535இல்தான் அட்டைகளிலிருந்து பிரதி எடுத்திருக்கிறீர்கள். எண்ணைக் குறைத்து, சோதனை முடித்து, அதற்குப் பிறகு அந்தப் பிரதிகளைக் கமெரா அட்டைகளோடு பைட்டுக்குப் பைட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். வீடியோவில் ஒரு பிட் போனால் அரைச் செக்கன் கட்டம் கட்டமாகச் சிதறும், ஓட்டிப் பார்க்கும்போது கண்ணில் படாமலே போய்விடும். அதுவரை ஓர் அட்டையையும் அழிக்க வேண்டாம், தம்பி. அடுத்த கல்யாணத்துக்கு அட்டை போதாவிட்டால் யாரிடமாவது கைமாற்றாக வாங்குங்கள்.